அம்மா செருப்பைக் கழற்றிய இடம்

ஓடைக்கரை நடைபாதையில் பழைய ரயில் கட்டைகளை அறுத்து பெஞ்சு போட்டிருக்கிறார்கள். வெயிலில் அதிலிருந்து கசிந்த தாரெண்ணெய் வாசனை என்னைத் தொண்ணூறுகளுக்கு இழுத்துப்போனது.

கேரள எல்லையில் பாறசாலைக்கு அப்பால், கல்லுடைக்கும் பாறைமடையிலிருந்து சல்லி ஏற்றுவதற்காகப் போட்ட தண்டவாளத்தை வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், மண்மேடும் மட்கிய கட்டைகளும் மட்டும் மிஞ்சின. ஏற்றமும் இறக்கமும் இல்லாத அந்த மேட்டில், ஒருபக்கம் ஓடை சலசலக்க, மறுபக்கம் தாழம்புதர் சட்டையைப் பிடித்து இழுக்க, அம்மா என்னைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவாள். வளைவு தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். தண்டவாளம் போட எடுத்துக்கொண்ட எங்கள் வயல் அந்த மேட்டுக்கு அடியில்தான் கிடந்தது. தண்டவாளம் போனால் நிலம் திரும்ப வரும் என்று யாரோ சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள்.

அங்கே ஒரு மலையாளப் பலகை நின்றது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில்.

"என்னதான் எழுதி வச்சிருக்கானுவ, வாசி மக்கா."

எழுத்துக்கூட்டி வாசித்து, அனுமதியில்லாமல் வருகிறவர்களுக்குத் தண்டனை உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"அது வெளியாளுக்காக்கும். சொந்த வயலுல நடக்க நாம ஆருட்ட கேக்கணும்? வா."

நிலம் வரவில்லை. அம்மா கடைசிவரை அங்கே செருப்பில்லாமல்தான் நடந்தாள்.

இன்று அதே வளைவில் புதுப்பலகை நிற்கிறது. அழகான பாதையில் நடக்க வெளியூர்க்காரர்களை அன்போடு வரவேற்கிறது.

இதுவும் வெளியாளுக்காக்கும், அம்மா.