பச்சை பெயிண்ட் சுரண்டிய வாரம்

மகளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சேவுகம்பட்டியிலிருந்து சொல்லி அனுப்பியபோது எங்களுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் வந்தவர்களை உட்கார வைக்க ஒரே ஓர் அறை. அதன் கதவிலும் ஜன்னலிலும் என் மாமனார் காலத்துப் பச்சை பெயிண்ட் வெடித்துச் செதில் செதிலாக நின்றது. பெயிண்டரைக் கூப்பிட்டால் "அடுத்த மாசம் பாப்போம்க்கா" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாமே அடித்தால் என்ன என்று சுரண்டியைக் கையில் எடுத்தேன்.

தோட்ட வேலை யாருக்காகவும் நிற்காது. பால் கறந்து, கத்தரிக்காய் பறித்து வண்டியேற்றிவிட்டு வந்தால் மணி பத்து. சுரண்ட உட்கார்ந்தால் கரண்டு வரும், மோட்டார் போட ஓட வேண்டும்.

"ஒனக்கு என்ன பத்து கையா புள்ள இருக்கு?" என்று கணவர் கிண்டலடித்தார்.

"ஒங்க ரெண்டு கையையும் சேத்து நாலுதான். வந்து பிடிங்க" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

சுரண்டிய தூள் தரையில் ஒட்டக்கூடாது என்று ஒரு பழைய சாக்கை விரித்துக்கொண்டேன். மாலையில் அதை வெளியே இரண்டு உதறு உதறிக் கொடியில் போடுவேன். வீட்டில் கிழியாத சாக்கு அது ஒன்றுதான். மகள் அதையே எடுத்துப்போய் வரப்புப் புல் அறுத்து வந்து கன்றுக்குட்டிக்குப் போடுவாள். பெரிய மாடுகளுக்குச் சோளத்தட்டை. இளம்புல் கன்றுக்கு மட்டும். நான்கு நாள் இப்படியே நடந்தது. அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று காளைக் கன்றுகளுக்குப் பிறகு பிறந்த கிடாரி அது. பிறந்ததும் நிற்க முடியாமல் கிடந்ததை மகள்தான் புட்டிப்பால் கொடுத்து எழுப்பினாள். கல்யாணமானால் அதையும் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று இப்போதே சட்டம் போட்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் கன்று புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. வாயில் ஒன்றுமில்லாமல் பல்லை நறநறவென்று கடித்தது. மறுநாள் கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அசையாமல் நின்றது. "பெயிண்ட் வாசம் ஆகல போல" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மகள் கூப்பிட்டதும் அது குரல் வந்த பக்கம் நடந்தது. நேராகத் தூணில் மோதியது. பின்வாங்கி, மறுபடியும் அதே தூணில் மோதியது. உடனே மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

மாட்டு டாக்டர் வந்தபோது மகள் மோட்டாரை நிறுத்தப் போயிருந்தாள். அவர் கன்றின் கண்ணெதிரே கையை வீசினார். இமை அசையவில்லை.

"வீட்ல பழைய பெயிண்ட் ஏதும் சொரண்டுனீங்களா?"

"ஆமா சார்."

"அந்தத் தூளு இது வாய்க்கு எப்படி வந்துச்சு?"

நான் போய்ச் சாக்கைக் கொண்டுவந்து உள்பக்கத்தைப் புரட்டினேன். பின்னலுக்குள் புல்லும் பச்சைச் செதிலும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தன. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அது விஷம், ஆனாலும் தித்திக்கும், கன்றுகள் நக்கும் என்றார். "ஊசி போடுறேன். நாளைக்குத் தாண்டுச்சுன்னா பாப்போம்." கணவர் என்னைப் பார்த்தார். சாக்கைச் சுருட்டி மகள் கண்ணில் படாமல் எடுத்துப் போனார்.

மறுநாள் மதியத்தை அது தாண்டவில்லை.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு? நா போட்ட புல்லுதான் சேரலையோ?" கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள். தன் கையால் ஊட்டியதுதான் கொன்றது என்று தெரிந்தால் உடைந்துபோவாள் என்று பயந்தேன். அது பாதி உண்மை. அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம்தான் மீதி.

"விஷக் காய்ச்சலாம்" என்றேன்.

மகள் பார்க்காதபோது நானும் கணவருமாகச் சாக்கைக் குழி தோண்டிப் புதைத்தோம். அன்று சாயங்காலம் கதவுக்கு இரண்டாவது கோட்டிங் அடித்தேன். அடிக்காமல் இருக்க முடியுமா, ஆட்கள் வருகிறார்களே.

வந்தவர்களுக்கு அறையும் பிடித்தது, மகளையும் பிடித்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் பேசும்போது, மாமியார் வீட்டில் பசு வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. நீதான பாத்துக்கிடுற?"

"இல்லம்மா, நா கிட்டவே போறதில்ல. தீவனம்கூட அத்தைதான் வைக்கிறாங்க. எங் கை ராசியில்லாத கை. ஒரு கன்னு செத்தது போதும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்றேன்.