போணித் தாரின் விலை

களக்காட்டு ஏத்தன் வாழைத்தாரின் தினசரி விலையைக் கோடாக வரைந்து அச்செடுத்தது ஓர் ஆனி மாத மத்தியானத்தில். அச்சுப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வெயில் தாளின் வழியே உள்ளே வந்தது. பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடைசி நாள் முதல் நாளாகிவிடும். காலம் வலமிருந்து இடமாக ஓடும்.

என் ஆராய்ச்சியே இந்த விளையாட்டுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். ஏறுகிற விலையும் இறங்குகிற விலையும் ஒரே நடையில் நடக்கின்றனவா என்பது கேள்வி. ஒரே நடை என்றால், கோட்டை முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் எது சரியான பக்கம் என்று சொல்ல முடியாது. நடை வேறு என்றால் சொல்லிவிடலாம். கண் ஏமாற்றும் என்பதால் அதற்கென்று பரிசோதனைகள் உண்டு. அன்றாட மாற்றங்களில் எது ஏற்றம், எது இறக்கம் என்பதைக் கணினி சீட்டுக்கட்டுபோல ஆயிரம் முறை கலைத்துப்போடும். தற்செயலாக வரும் கோணல் எவ்வளவு, நம் கையில் இருக்கும் கோணல் எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லும்.

என் கோடு பலமாகக் கோணியிருந்தது. விலை ஏறும்போது ஒரே தாவல். இறங்கும்போது படிப்படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும் வயதானவரைப்போல.

தரவு கிடைத்த வழி எளிது. களக்காட்டில் ஒரு வாழைத்தார் மண்டி. அதன் முதலாளி தினமும் காலையில் கடை வாசல் கரும்பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, நான் நாள்குறிப்பு எழுதும் அதே மேசையில், அதே நேரத்தில், அந்த எண்ணைக் கணினியில் ஏற்றிவந்தேன். காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட விட்டதில்லை.

"இது போதும்மா. சீக்கிரம் எழுதி முடிச்சிருங்க" என்றார் நெறியாளர். என் பதிவுக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஐப்பசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து செய்த இத்தனை வருட வேலையும் அதோடு போய்விடும்.

அந்த வாரங்களில் எதைப் பார்த்தாலும் பின்னோக்கி ஓட்டிப்பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பேருந்து பாலத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தாமிரபரணி முக்கூடலைத் தாண்டி மேற்கே ஏறிப் போகும். படித்துறையில் குளிப்பவர்களின் தலையிலிருந்து நீர் எழும்பிச் செம்புக்குள் திரும்பும். மழை நிலத்திலிருந்து கிளம்பி மேகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆற்றை ஓட்டிப்பார்த்தால் உடனே பொய் தெரிந்துவிடும். மருத மரத்தின் இலைகள் காற்றில் ஆடுவதை ஓட்டிப்பார்த்தால் தெரியாது. உலகத்தில் எவையெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றன, எவை இல்லை என்று பிரித்துக்கொண்டே வருவேன். நடத்துநர் தட்டி எழுப்புகிறவரை.

கரும்பலகையின் படம் ஒன்றை ஆய்வேட்டில் சேர்க்க விரும்பினேன். மண்டி முதலாளியிடம் நேரில் அனுமதி கேட்பதுதான் முறை. ஆவணியில் ஒரு சனிக்கிழமை என் கணவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். தான் வேலை பார்க்கும் வங்கிக்கு விடுமுறை, வேறு சாக்கு கிடைக்கவில்லை என்றார். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை அருகில் வந்தது. மேகம் அதன் இடுப்பில் கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள். ஈரக்காற்றில் எனக்குத் தூக்கம் வந்தது.

மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தார்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன. கரும்பலகையில் கிலோ முப்பது என்று சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருந்தது. காலையில் என் கைபேசிக்கு வந்த அதே எண். ஆனால் ஏலம் கூறுகிறவர் பதினெட்டில் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டரை, பத்தொன்பது, முடிந்தது. அடுத்த தாரும் பத்தொன்பது. வேறு ரகமோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஏத்தன்தான்.

"அண்ணாச்சி, போர்டுல முப்பதுன்னு இருக்கே. இங்கன பத்தொன்பதுக்குப் போகுது?" என்று, வந்த காரியத்தைச் சொன்ன கையோடு முதலாளியிடம் கேட்டேன்.

"அது போணி வெலைல்லா டீச்சர்" என்றார் அவர், சர்பத்துக்கு ஆள் அனுப்பியபடியே. "மொதத் தாரு வித்த வெலை. வெடிஞ்சதும் வெடியாததுமா நேத்தைக்கு விட ரொம்ப எறக்கி மொதத் தாரை விக்க மனசு வருமா? ஒரு ரூவா கொறைப்போம், அம்புட்டுதான். ஏறுச்சுன்னா ஏறுன வெலையை அப்படியே எழுதிப்போடுவோம். ஏத்தத்துக்கு என்ன கூச்சம்?"

"அந்த விலைக்கு மொதத் தாரை யாரு எடுக்கா?"

"அந்தா நிக்காரே, பஸ் ஸ்டாண்டுப் பழக்கடைக்காரரு. அவரு கை ராசியான கை. அடுத்த தார்ல கழிச்சுக் குடுத்திருவோம்."

"கழிப்பீரு, கழிப்பீரு" என்றார் பழக்கடைக்காரர், தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே. "போன வாரத்தையே இன்னும் கழிக்கல. இதுல ராசியான கையாம். கை மட்டும்தான் வே மிச்சம்."

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குள் என் மனத்தில் அந்தக் கோட்டின் படிக்கட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைய ஆரம்பித்திருந்தன. ஒரு ரூபாய், ஒரு ரூபாயாக இறங்கியது சந்தை இல்லை. சந்தை எப்போதோ கீழே போயிருந்தது. மெதுவாக இறங்கியது காலைநேரத்து மரியாதை.

"போர்டைப் பார்த்து, வாழை போட்ட சம்சாரிகள் ஏமாற மாட்டாங்களா?"

"எந்தச் சம்சாரி டீச்சர் போர்டைப் பாத்துத் தாரை வெட்டுதான்? எல்லாரும் போனைப் போட்டு, இன்னைக்கு உள்ளுக்குள்ள என்ன போகுதுன்னுதான் கேப்பான்." சட்டென்று அவர் முகம் மாறியது. "நீங்க இத்தனை வருசமா இதையா எழுதிக்கிட்டிருக்கீய?"

என் கணவர் சர்பத் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏட்டி, ஒனக்கு வாழப்பழம் வாங்கத் தெரியாதுன்னு கல்யாணம் ஆன மறுவாரமே சொன்னேன்."

உள்ளே ஒவ்வொரு தாருக்கும் போட்ட பில், கணினியில் இருந்தது. அன்றன்றைய சராசரி ஏல விலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முதலாளி கொஞ்சம் யோசித்தார். வாங்கினவர் பெயர் எதுவும் வராது என்று உறுதி சொன்ன பிறகு பென் டிரைவில் ஏற்றிக்கொடுத்தார். "அப்ப நம்ம போர்டு படம் புத்தகத்துல வராதா?" என்று மட்டும் வருத்தமாகக் கேட்டார். வரும் என்றேன். எதற்காக வரும் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

புதிய எண்களில் அதே பரிசோதனையைச் செய்தேன். ஒருமுறை இல்லை, விதிகளை மாற்றி மாற்றிப் பலமுறை. ஏறுவதும் தாவல், இறங்குவதும் தாவல். சீட்டுக்கட்டைக் கலைத்தால் வரும் கோணலுக்கு மேல் ஒன்றும் இல்லை.

நெறியாளர் கேட்டுவிட்டுப் பழைய அத்தியாயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போணிக் கதையை அடிக்குறிப்பில போடுங்க. பழைய அத்தியாயம் அப்படியே இருக்கட்டும். பரிசோதனையில தப்பில்லையே."

"பரிசோதனையில தப்பில்லை சார். அதுக்குக் கொடுத்தது விலை இல்லை."

"மாத்தினா என்ன மிஞ்சும்? சமச்சீராத்தான் இருக்குன்னு ஒரு ஆய்வேடா?"

"சமச்சீர்னு சொல்ல முடியாது சார். சமச்சீர் இல்லைன்னு சொல்ல ஆதாரம் கிடைக்கலை, அவ்வளவுதான்."

"அது அதைவிட மோசம்" என்றார். பிறகு, "எழுதிக்கொண்டாங்க. எனக்கு ஒப்பலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன். தேதியும் நிக்காது" என்றார். அவர் கையெழுத்தில்லாமல் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்காது.

புரட்டாசி முழுவதும் எழுதினேன். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டேன், போணி விலை மேலே, ஏல விலை கீழே. சந்தை சரிந்த நாள்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு வெளி விரியும். பிறகு நாளாக நாளாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். தூங்குகிறவரின் மூச்சைப்போல. மத்தியானங்களில் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த வெளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதைப் பற்றித்தான் புதிய அத்தியாயம். ஓர் ஊரின் கூச்சம் எண்ணாக எழுதப்பட்டால் பரிசோதனை அதைச் சந்தையின் குணம் என்றே படிக்கும் என்று, என்னால் முடிந்த அளவு நேராக எழுதினேன். கரும்பலகைப் படம் அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் நெறியாளரின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். எதிரே உட்கார வைத்துவிட்டுப் படித்தார். பக்கம் திருப்பும் சத்தமும் ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மாலை நாலு மணிக்கே அறை இருண்டது. ஓரிடத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார். பிறகு அதை அழித்தார். இன்னொரு இடத்தில் நின்று, நான் போட்ட படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"இது எனக்குப் பிடிக்கலை" என்றார் கடைசியில். "மறுக்கவும் முடியலை."

பேனாவைத் திறந்து சான்றிதழ்ப் பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். மின்சாரம் போய்விட்டது. கையை எடுக்காமல் அந்த இருட்டிலேயே மீதிப் பெயரையும் எழுதி முடித்தார்.

பழைய மைப்பேனா, ஈரக்காற்று. எழுத்து காயவில்லை. ஆட்டோவில் மழைத்தாரை உள்ளே வராதபடி பிளாஸ்டிக் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தாளை மூடாமல் மடியில் விரித்து வைத்திருந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.