புர்கியின் இடது கால்

எங்கள் பனிமலைப் பள்ளத்தாக்கில் புர்கியைத் தெரியாதவர்கள் என்றால் சுற்றுலா வந்தவர்கள்தாம். அவர்களும் ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிடுவார்கள். மேய்ச்சல் சரிவில், பனியில் சறுக்க வருகிறவர்களைக் கம்பிவடத்தால் மேலே இழுத்துப் போகும் லிஃப்டை அவள்தான் ஓட்டினாள். வடத்தில் தொங்கும் கட்டையில் சாய்ந்து நிற்க வேண்டும். எவனாவது உட்காரப் பார்த்தால் போதும், "நில்லுய்யா, உக்காராதே. பால் கறக்கவா வந்தே?" என்று குரல் வரும். நான் பக்கத்துச் சாப்பாட்டுக் குடிலில் ரொட்டிக் கொழுக்கட்டை உருட்டிக்கொண்டே அவள் வசவுகளைக் கேட்டு என் நல்ல வயதைக் கழித்தேன். இன்று அந்தக் குளிர்காலங்களை நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்தக் குரல்தான். பனியெல்லாம் அப்புறம்தான்.

அவளுக்குப் பதினேழு வயதில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் வந்தது. பனிச்சறுக்கில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. நான் கூடப் போய்த் தோற்றவள், எனக்குத் தெரியாதா. ஆனால் அவளுக்கென்று சொந்தப் பலகை கிடையாது. எங்கள் வீடுகளில் அண்ணனுடைய சட்டை மாதிரியே சறுக்குப் பலகையும் தங்கைக்கு வந்துவிடும். கையை உயர்த்தி நின்றால் பலகையின் முனை உள்ளங்கையைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அளவு பார்ப்பது. அண்ணன் லூயிஸ் உழவு மாடு மாதிரி ஆள். புர்கியோ ஒல்லிக்குச்சி. பந்தயத்தில் மூன்றாவது வளைவில் அந்தப் பலகை திரும்பவே இல்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் விழுந்தாள், இடது கால் முறிந்தது. "பொண்ணு கெட்டிக்காரிதான், கால்லதான் வலு இல்ல" என்றது ஊர். பாவி, அவளும் அதை நம்பிவிட்டாள்.

அவள் மகள் லேனி தாயையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி சறுக்கினாள். அவளுக்கு நான் ஞானத்தாய். உறுதிபூசுதல் என்கிற தேவாலயச் சடங்குக்கு ஞானத்தாய் கைக்கடிகாரம் தருவது வழக்கம். புர்கி பெற்ற பெண்ணுக்குக் கடிகாரம் எதற்கு? பனி விழட்டும், பலகை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜனவரியில் லேனிக்கு அதே மாநில அணிப் பந்தயம். இடுப்பு ஒடுங்கிய குட்டைப் பலகைகள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த சமயம் அது.

மூவரும் கீழூர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் வின்சென்ஸ் எடுத்த எடுப்பில், "பாப்பா எடை என்ன?" என்று கேட்டார்.

"பலகை விக்கிறியா, பன்னி விக்கிறியா?" என்றாள் புர்கி. "லேனி, கையத் தூக்கு."

லேனி தூக்கவில்லை. "இப்பல்லாம் மூக்கு வரைக்கும் இருந்தாப் போதும்மா. நடுவுல ஒடுங்கியிருக்கு பாரு, சாய்ச்சாலே திரும்பும்."

"அதெல்லாம் ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு. நீட்டமா இருந்தாத்தான் வேகம். நீ வளர்ற புள்ள வேற, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்."

"பந்தயம் இந்த வருஷம்தானே?"

வின்சென்ஸ் நெட்டைப் பலகையைத் தரையில் ஊன்றி நடுவில் அமுக்கிக் காட்டினார். அது கொஞ்சம்கூட அசையவில்லை. "இது நல்லாத் தின்னு கொழுத்த ஆம்பளைக்குச் செஞ்சது, புர்கி. எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும், உடம்பு எடை அமுக்கினாத்தான் இது வளையும். வளைஞ்சாத்தான் திரும்பும்."

"என் பொண்ணு கால்ல வலு இருக்கு," என்றாள் புர்கி. "அவ என்னை மாதிரி இல்ல."

கடைசியில் வின்சென்ஸே, இரண்டையும் கொண்டுபோய்ச் சறுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தாருங்கள் என்றார். வரும் வழியில் லேனி என்னிடம் மட்டும் மெதுவாக, "அந்த நெட்டையத்தான் குடுப்பீங்கன்னா நான் பந்தயத்துக்கே போகல, ஞானம்மா" என்றாள். சொன்னால் செய்கிற பெண்.

மறுநாள் காலை, சரிவு திறக்கும் முன்பே புர்கி இரண்டு ஜோடியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே கால் அளவு. "இந்தக் குட்டை ஒண்ணுக்கும் ஆகாதுன்னு காட்டறேன் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேலே போனாள். முதலில் நெட்டையில் வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் போராடி, வந்து சேர்ந்தாள். பிறகு குட்டையை மாட்டிக்கொண்டு போனாள்.

நான் குடிலின் ஜன்னலில் நின்று பார்த்தேன். முதல் வளைவில் லேசாகச் சாய்ந்தாள். பலகை தானே திரும்பியது. இரண்டாவது வளைவும் அப்படியே. பாதிச் சரிவில் நின்று, திரும்பி, தான் வந்த தடத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வந்தவள் மறுபடியும் மேலே போனாள். அப்புறம் இன்னொரு தடவை. தன் ஒருத்திக்காக லிஃப்டை ஓடவிட்டு மின்சாரத்தை வீணாக்குகிறவள் அல்ல அவள்.

"சென்சி, இங்க வாடி."

மாவுக் கையோடு ஓடினேன்.

"அந்த மூணாவது வளைவுல நான் சரியாத்தான்டி அமுக்கினேன்," என்றாள்.

எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை.

"அது லூயிஸுக்கு வளையற பலகை. எனக்கு எப்படிடி வளையும்? இத்தன வருஷமா இந்தக் காலைப் போய்த் திட்டிட்டு இருந்திருக்கேனே." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. லூயிஸ் மேலா, அந்த வழக்கத்தின் மேலா, கூடச் சேர்ந்து தலையாட்டிய எங்கள் எல்லோர் மேலுமா.

அதற்குள் லேனி சண்டைக்குத் தயாரான முகத்தோடு வந்து நின்றாள். "எதம்மா திருப்பிக் குடுக்கறது?"

புர்கி குனிந்து காலிலிருந்த பலகையைக் கழற்றினாள். "நெட்டைய. இந்தா, மாட்டிக்க. உன்னைப் பாத்து எடை கேட்டானே வின்சென்ஸ், அவன் கேட்டது சரிதான்."

ஜனவரியில் லேனி தேர்வானாள். அந்தக் கதையை அவளே சொல்லிக்கொள்ளட்டும், அவளுக்கு வாய் இருக்கிறது. எனக்குக் கண்ணில் நிற்பது அந்தக் காலைப் பொழுதுதான். லேனி மேலே போனதும் புர்கி லிஃப்ட் அறையில் உட்கார்ந்து, இடது காலணியைக் கழற்றிவிட்டு, செய்யாத தப்புக்கு அடி வாங்கிய குழந்தையைத் தடவுவதுபோல் அந்தக் காலை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலில் வந்தவன் லிஃப்டில் உட்காரப் பார்த்து மல்லாக்க விழுந்தான். புர்கி அவனை ஒன்றும் சொல்லவில்லை.