அம்மா வீட்டுக்குப் போனவர்களைத் தேடிய விஜயா அக்கா

செய்தி வந்தபோது நான் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்காக நின்றிருந்தேன். முந்தைய ஸ்டேஷனான மாரிகுப்பத்திலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பது விஜயா அக்காவின் வழக்கம். அன்று அவருடைய கணவர் போன் செய்தார். "விஜயா போய்ட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்ளோதான்." வண்டி வந்தது. நான் ஏறவில்லை.

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றிய நம் ஆய்வுக்குப் பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் தகவல்களைச் சேர்த்துச் சரிபார்ப்பது பெங்களூரில் எங்கள் வேலை. அக்கா ஒருங்கிணைப்பாளர், நான் அவருக்கு அடுத்தவள். ஆஸ்பத்திரிகளிலிருந்து தகவல் அனுப்பும் உங்களில் பலருக்கு அவர் ஒரு போன் குரல்தான். அந்தக் குரலுக்குப் பயந்து லீவு போட்டவர்களையும் எனக்குத் தெரியும். பிறந்த தேதி ஒன்று விடுபட்டால் போதும், "இன்னாங்க, கொழந்த இன்னும் பொறக்கலியா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆய்வில் பெரிய தலைவலி எங்கள் தங்கவயல்தான். இங்கே முதல் பரிசோதனைக்கு வரும் பெண்கள், வளைகாப்பு முடிந்ததும் குடியாத்தம், ஆம்பூர் என்று அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிரசவமும் அங்கேதான். கணினியில் 'தொடர்பில் இல்லை' என்று வரிசையாக விழும். தங்கவயல் ஆஸ்பத்திரியையே ஆய்விலிருந்து எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எடுத்துவிட்டால் அந்தப் பெண்களும் குழந்தைகளும் கணக்கிலேயே வரமாட்டார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா ஊட்டுக்குப் போனவள காணாம போனவன்னு எழுதுவீங்களா? நான்கூடத்தான் போனேன்" என்றார். டாக்டர்கள் சிரித்துவிட்டு அவகாசம் கொடுத்தார்கள். அதன்பிறகு முதல் பரிசோதனையிலேயே சம்மதத்துடன் அம்மா வீட்டுப் போன் எண்ணையும் கேட்டு வாங்க வைத்தார்.

இதில் கூத்தும் உண்டு. பிரசவம் ஆயிற்றா என்று விசாரித்தால், சில அம்மாக்கள் இவரை மாப்பிள்ளை வீட்டு உறவு என்று நினைத்துத் தொட்டில் போடும் நாளுக்கு அழைத்துவிடுவார்கள். அக்காவும் எடையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "பாயசம் எடுத்து வைங்க" என்பார்.

ஆம்பூரில் ஒரு வீடு மட்டும் அப்படியில்லை. குழந்தை உயிரில்லாமல் பிறந்திருந்தது. "அதெல்லாம் கேக்காதீங்க" என்று பெண்ணின் அம்மா போனை வைத்துவிட்டார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டாம் என்று நானும் சொன்னேன். "அவ வேணாம்னா திரும்பிடலாம். அவளக் கேக்காம நாமளே முடிவு பண்ணக் கூடாது" என்று அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

போனதும் அவர் படிவப் பையைத் திறக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவளே கேட்டாள். "எம்புள்ளையையும் எழுதுவீங்களா? இங்க யாரும் அதப் பத்திப் பேசவே வுட மாட்றாங்க."

"எழுதத்தான் வந்தேன் கண்ணு. நீ சொல்லு."

எடை சொன்னாள். தலை நிறைய முடி இருந்ததையும், மூக்கு அவள் அப்பாவைப் போல இருந்ததையும் சொன்னாள். முடிக்கும் மூக்குக்கும் நம் ஆய்வில் இடம் கிடையாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பெண்ணின் அம்மா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். இப்படி வீடு வீடாகக் கேட்டுத்தான் தங்கவயல் ஆய்வில் நிலைத்தது.

அக்காவின் காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று, பேத்தமங்களாவில் அதேபோல் குழந்தையை இழந்த இன்னொரு வீட்டுக்குப் பேச வேண்டியிருந்தது. அக்கா அந்த வீட்டுப் பெண்ணிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். பிறகு சொல்கிறேன் என்றிருந்தாளாம். விட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்கும் துணிவு, வேண்டாம் என்றால் திரும்பி வரும் மனசு, இந்த இரண்டையும்தான் அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போன் செய்தேன்.

"விஜயாம்மாவா?"

"இல்லம்மா. அவங்க தவறிட்டாங்க. நான் அவங்ககூட வேல செஞ்சவ."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. இன்னொரு நாள் பேசலாம் என்றேன்.

"வேணாங்க்கா. அவங்ககிட்ட சொல்றேன்னு சொல்லியிருந்தேன். எழுதிக்கங்க. பொண்ணு."