ஜன்னல் அறைக்கு ஆறாயிரம் அடி

அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழேகாலுக்கு வந்தது. அலுவலகத்தில் அவருடைய பக்கத்து நாற்காலிக்காரி அப்போதுதான் மூன்றாம் மாடி அறையின் ஜன்னலைத் திறந்திருந்தாள். மேசை மேல் வெயில் விழுந்தது. அந்த வெயிலை வாங்கித் தந்ததே அக்காதான்.

குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் நான்கு பெண்களுக்கும் முன்பெல்லாம் ஜன்னலே இல்லாத கீழ்த்தள அறைதான். வெளியே மழையா வெயிலா என்று பேசுகிறவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். நால்வரில் மூத்தவரான அக்கா அங்கே பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவர். ஊழியர்கள் உடம்பைக் கவனிக்கட்டும் என்று நிர்வாகம் ஒரு மாத நடைப்போட்டி வைத்தது. ஒவ்வொருவரும் தினமும் ஆறாயிரம் அடி. ஒருவர் தவறினாலும் அந்தப் பிரிவுக்கு அன்றைய நாள் போச்சு. அதிக நாள் தேறும் பிரிவுக்குப் பரிசு, மூன்றாம் மாடியில் காலியாகக் கிடந்த ஜன்னல் அறை.

"உக்காந்தே பேசறவங்க எங்க நடக்கப் போறீங்க? உங்களுக்கு வாய்தானே நடக்கும்!" என்றார் மீட்டர் பிரிவுத் தலைவர்.

"வாய் நடந்த தூரத்துக்கு உலகத்தையே நாலு சுத்து சுத்தியிருப்போம் சார். இனிமே காலும் கூட வரும்," என்றார் அக்கா.

சொல்லிவிட்டாரே தவிர, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "என்னால உங்க மூணு பேருக்கும் ரூம் போயிடுமோடி?" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் மட்டும் கேட்டார். மறுநாள் முதல், ஹெட்போன் வயர் எட்டுகிற தூரத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குது? தண்ணி லாரியை நீங்களே தள்ளிட்டு வர்றீங்களா?" என்றார் ஒரு புகார்க்காரர்.

"ஆமாங்க, உங்க தெருமுனைக்கு வந்துட்டேன்!"

கடைசி நாள் வரை இரண்டு பிரிவும் சமம். அன்று மீட்டர் தலைவர் வெற்றிக்கு இனிப்பு வாங்க ஜீப்பிலேயே சுற்றியதில், அவர் கணக்கு இரண்டாயிரத்து நூறோடு நின்றுவிட்டது. மாலை ஐந்தரைக்கு அக்காவின் கணக்கில் இருநூறு அடி பாக்கி.

"விடாதீங்கக்கா!"

மூவரும் கைதட்ட, அக்கா மேசையைப் பிடித்தபடி மிதித்தார். ஆறாயிரத்து மூன்று!

இனிப்புப் பெட்டி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தது. முதல் துண்டை அக்கா தலைவரிடம் நீட்டினார். "எடுத்துக்குங்க சார், அலைஞ்சு வாங்கினது நீங்கதானே."

நான்கு மாதம் அந்த வெயிலில் உட்கார்ந்தார். கண் கூசுகிறது என்று மற்றவர்கள் நச்சரித்ததால் ஜன்னலுக்குத் திரை தைக்க ஒப்புக்கொண்டார். "மூடறதுக்காடி ஜெயிச்சோம்?" என்று தினமும் நாலே தையல்தான் போடுவார்.

திரையின் கீழ் ஓரம் இன்னும் மடித்துத் தைக்கப்படவில்லை.