தம்பிக்காகக் குறைத்த உடம்பு

என் சிறுநீரகங்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று டொக்டர் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தம்பியினுடையவை இரண்டும் பழுதாகிவிட்டிருந்தன. கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். என்னுடையதில் ஒன்றை அவனுக்குக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகி, இரத்தமும் பொருந்தி வந்திருந்தது. டொக்டர் கடதாசிகளை மூடி வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

“சாமான் நல்லது. ஆனால் இந்த உடம்போடை உங்களை வெட்டேலாது அம்மா. இடுப்பைச் சுத்திக் கொழுப்பு. சீனியும் விளிம்பிலை நிக்குது. ஒண்டைக் குடுத்துப்போட்டு மற்றதோடை நீங்கள் கனகாலம் இருக்கவேணுமெல்லோ? குறைச்சுக்கொண்டு வாங்கோ, செய்வம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி என் பக்கம் சரிந்து, “அப்ப இவ்வளவு நாளும் நீ எனக்கு எதிராத்தான் சாப்பிட்டிருக்கிறாய் அக்கா,” என்றான். பகிடிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்டாவளைப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக் வேலை எனக்கு. காலையில் ஸ்கூட்டி, பகல் முழுக்கக் கதிரை, பின்னேரம் திரும்பவும் ஸ்கூட்டி. கிணற்றுக்கு மோட்டர், உடுப்புக்கு மெஷின். சண்டை முடிந்து, முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக இந்த ஊருக்குத் திரும்பி வந்தவள் நான். அதற்குப் பிறகு நான் வைத்த சதையை எல்லாம் ஊர் வாழ்த்திக்கொண்டே இருந்தது. கொழுத்தவளைப் பார்த்தால் நன்றாக இருக்கிறாள் என்றுதான் இங்கே சொல்வார்கள். அதை நானும் நம்பினேன்.

உடம்பைக் குறை என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே வழி விரதம். வெள்ளிக்கிழமை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தேன். அதோடு செவ்வாயையும் சனியையும் சேர்த்தேன். கந்தசஷ்டி வந்தது, பாலும் பழமும் மட்டும் என்று கிடந்தேன். தம்பிக்காக நேர்த்தி வைத்ததாகவும் ஆயிற்று, உடம்புக்கும் ஆயிற்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். பாறணையன்று வடை, பாயசம், நெய் விட்ட பருப்பு என்று வாழையிலை நிறைந்தது. “விரதம் இருந்த உடம்பு, வடிவாச் சாப்பிடுங்கோ” என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் தின்றுகொண்டே இருந்தேன். ஆனாலும் தராசில் முள் இறங்கித்தான் இருந்தது. வெற்றிதான் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், மாடிப்படியின் நடுவில் கண் இருண்டு கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் என் மேல்கையை விரலால் அமத்திப் பார்த்தார். “போனது தசை. கொழுப்பு அப்பிடியே இருக்கு. தராசுக்கு ரெண்டும் ஒண்டுதான், எனக்கு ஒண்டில்லை.”

முருகனுக்கு இருந்த விரதத்தை இந்த மனிதர் இறைச்சிக் கடைக்காரன் மாதிரிக் கையை அமத்திக் கணக்குப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

“சாமியோடை எனக்கு ஒரு சண்டையும் இல்லை அம்மா. முட்டை, மீன், பயறு சாப்பிடுங்கோ. சோத்தைக் குறையுங்கோ. நடவுங்கோ. பாரம் தூக்குங்கோ.”

நடப்பதைப் பட்டணத்துக்காரர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ரோட்டில் காரணமில்லாமல் நடக்க முடியாது. அங்கே ஒருவர் நடந்து போனால் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். கண்ட வாகனம் எல்லாம் நிற்கும். ஸ்கூட்டியில் போகிற பிள்ளைகள் நிறுத்துவார்கள், ஓட்டோ நிற்கும், உழவுக்குப் போகிற லாண்ட்மாஸ்ரர் மெஷின் கூட நிற்கும்.

“என்னக்கா, ஸ்கூட்டிக்கு என்ன நடந்தது? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்.”

“இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ? இந்த வெயிலுக்கையோ? ஏறுங்கோ அக்கா.”

நின்ற வாகனத்தை அனுப்பிவிட்டால், ஏறாமல் விட்டாள், என்ன கோபமோ என்று கதை வரும். அதனால் ஏறினேன். நடக்கப் போன என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஏறாமல் விட்ட நாட்களில், லீசிங் தவணை கட்டாததால் கொம்பனிக்காரர் ஸ்கூட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கந்தோர்வரை கதை வந்து சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என் கணவர் மட்டும் ஸ்கூட்டியைக் கழுவி, எல்லாரும் பார்க்கும்படி வாசலில் நிறுத்தி வைத்தார்.

ஒருநாள் தம்பியின் வீட்டில் இரவல் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டி இருந்தது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வாகனமும் நிற்கவில்லை. எதிரே வந்தவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். மண்வெட்டியோடு போகிறவளுக்கு வேலை இருக்கிறது, அவளை மறிக்கக்கூடாது. அது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. மண்வெட்டியைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். அதன்பிறகு நடக்கிற நேரமெல்லாம் அது என் தோளில் இருந்தது.

தம்பிக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. “உழவாரத்துக்குப் போற அப்பர் சுவாமிகள் மாதிரித் திரியிறாயாம். என்ரை மண்வெட்டியைச் சும்மா காவிறதுக்கு, என்ரை வரம்பைக் கட்டலாம்தானே?” என்றான்.

அவனுடைய வயல் வாய்க்காலை ஒட்டியது. அவன் படுத்த பிறகு வரம்புகள் இடிந்து, புல் மண்டிக் கிடந்தது. உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன? கந்தோர் விட்டு வந்ததும் இறங்கினேன். அவன் மருதமர நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அதிகாரம் பண்ணினான்.

“அக்கா, குனியிறது முதுகாலை இல்லை, முழங்காலாலை. நீ வரம்பு கட்டுறியோ, வரம்பிலை படுக்கிறியோ?”

முதல் நாட்களில் கை கொப்பளித்து, இரவில் புரண்டு படுக்கவே முடியவில்லை. பிறகு ஈர மண் மண்வெட்டியோடு தானாக எழும்பத் தொடங்கியது. தண்ணீர்த் தாகம் எடுத்தால் மரத்துக்குப் பின்னால் போய்க் குடிப்பேன். அவனுக்குத் தண்ணீர் அளவு. ஒரு நாளைக்குக் குடிக்கிறதை அளந்துதான் கொடுப்பார்கள். நான் ஒளித்துக் குடிப்பது அவனுக்குத் தெரியும். அந்த நேரம் அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தராசு முள் பெரிதாக அசையவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் பாவாடை நாடாவில் முடிச்சு உள்ளே உள்ளே போனது. சட்டைக் கை மட்டும் இறுகியது. கந்தோர் கதிரையிலிருந்து மேசையைப் பிடிக்காமல் எழும்பினேன். கிணற்று மோட்டரை நிறுத்திவிட்டு வாளியால் அள்ளத் தொடங்கினேன், அதில் ஒரு சந்தோசமும் வந்தது. அதே வரம்பில் நான் உரமேற, கதிரையில் அவன் வற்றிக்கொண்டு வந்தான்.

அடுத்த மாரி தொடங்க முன் டொக்டர் என்னைத் திரும்பவும் சோதித்தார். சீனி இறங்கியிருந்தது. மேல்கையை அமத்திவிட்டுச் சிரித்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, இடப்பக்கம், இடுப்புக்கு மேலே, பேனையின் பின்முனையால் தொட்டு, “இதைத்தான் எடுப்பம்,” என்றார். திகதியும் தந்தார். பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கம் இருந்து பளை தாண்டும்வரை விசிலடித்துக்கொண்டு வந்தான். நான் அவனை அதட்டவில்லை.

அந்தத் திகதிக்கு முன்னர் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். ஊசிகள் போட்டார்கள், செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். மழை விடாத ஒரு காலையில் அவன் போய்விட்டான்.

செத்தவீட்டுக்கு முல்லைத்தீவிலிருந்து சித்தி வந்தா. என்னைக் கண்டு கனகாலம். வாசலிலேயே கட்டிப்பிடித்து, “என்ரை பிள்ளை, தம்பியின்ரை கவலையிலை இப்பிடி உருகிப் போனியே,” என்று அழுதா. பக்கத்தில் இருந்த பெண்களும் ஓமோம் என்றார்கள், பாதியாகிவிட்டாள் என்றார்கள். கவலையில் ஒரு இறாத்தல்கூட நான் மெலியவில்லை. அவன் இருப்பான் என்று நம்பித்தான் மெலிந்தேன். அன்றைக்கு நான் என் வாழ்நாளில் இல்லாத அளவு சுகதேகியாக இருந்தேன். அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

சித்தி விடாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. தடவிய கை இறங்கி வந்து இடப்பக்கம், இடுப்புக்கு மேலே, நின்றது. அதற்குள்ளே அவனுடையது இருந்தது. இன்னும் இருக்கிறது.