தொப்பி வைத்த எழுத்துகள்

பெரியப்பாவைத் திட்டுவதா, அப்பாவைத் திட்டுவதா, நீடாமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவரைத் திட்டுவதா என்று இருபது வருடமாகியும் எனக்கு முடிவாகவில்லை. கடைசியில் என்னையே திட்டிக்கொள்கிறேன். அப்படியும் ஆத்திரம் அடங்குவதில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்பா மஸ்கட்டில் இருந்தார். ஊரில் எங்களுக்கென்று இருந்தது சாலையோரம் ஒரே ஒரு வயல். அதை மனை போட்டு விற்றே தீருவேன் என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றார். வயல் அப்பா பேரில் இருந்தது. வெளிநாடு போகும்போது அம்மாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா கையெழுத்துப் போட்டால் வயல் போய்விடும்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா பேசுவார். போன் இருந்தது பெரியப்பா வீட்டில். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். விற்க அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் அண்ணன் காதுபட ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. “ஈமெயில் போட்டிருக்கேன். பாப்பாவ அழைச்சிட்டுப் போயி படிச்சுப் பாரு” என்றார் ஒரு வெள்ளியன்று. அவ்வளவுதான் அவருடைய வீரம்.

மறுநாள் அம்மாவும் நானும் டவுன் பஸ் ஏறினோம். பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்தால் திரை முழுக்க தொப்பி வைத்த â, தலையில் இரண்டு புள்ளி வைத்த ü, வால் தொங்கும் ç. மருந்துக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “வைரஸ்ங்க. ஒடனே டெலிட் பண்ணிடுங்க. இல்லன்னா என் சிஸ்டம் காலி.”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இரு பாப்பா. லெட்டர் மாதிரிதான் இருக்கு. மேல சின்னதா ஒரு வரி, கீழ ஓரமா ஒரு வார்த்த. உங்கப்பா இப்படித்தான் எழுதுவாரு.”

நான் சிரித்தேன். கம்ப்யூட்டர் பாடத்தில் முதல் மார்க் வாங்குகிறவள் அல்லவா! “ஒனக்கு என்னம்மா தெரியும்?” என்று சொல்லிவிட்டு அழித்தேன். அழித்தது எங்கே போகும் என்றும் தெரியுமாதலால் அங்கேயும் போய் அழித்தேன். “கெட்டிக்காரப் பொண்ணு” என்றார் கடைக்காரர்.

அது தமிழ்தான். வளர்ந்து, கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஐரோப்பிய மொழிகளின் தொப்பி எழுத்துகளுக்கென்று கம்ப்யூட்டரில் சில எண்கள் உண்டு. அந்த எண்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்காரவைத்து, ஆளுக்கொரு ஃபான்ட் செய்து வைத்திருந்தார்கள் அப்போது. அதே ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிவது, இல்லாத இடத்தில் தொப்பியும் வாலுமாகப் பல்லை இளிக்கும். ஒரு ஃபிளாப்பியில் அந்த ஃபான்ட்டைக் கொண்டுவந்து ஏற்றினால் முடிந்தது வேலை. ஊருக்கெல்லாம் மெயில் திறந்து கொடுக்கிற மனிதருக்கு இதுகூடத் தெரியாதாம்!

அடுத்த வெள்ளிவரை பெரியப்பா பொறுக்கவில்லை. புதன்கிழமையே அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார். “தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்” என்று சொன்னவர், வெள்ளியன்று போன் வந்தபோது வாயே திறக்கவில்லை.

“கையெழுத்துப் போட்டுட்டியா? அப்ப நான் எழுதுனத நீ படிக்கவே இல்லியா?” என்று கேட்டார் அப்பா.

“வைரஸுன்னு நெனச்சு நாந்தாங்க அழிச்சிட்டேன்” என்றாள் அம்மா. அவளுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

“இல்லப்பா, நான்...” என்று ஆரம்பித்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அண்ணனிடம் கத்தியிருக்க வேண்டியதையெல்லாம் அப்பா அவளிடம் கத்தித் தீர்த்தார். வைரஸை அழித்தது நான், பேரைத் தட்டிக்கொண்டு போவது இவளா என்ற கோபத்தில், வாயைப் பொத்தியிருந்த அந்தக் கையை நறுக்கென்று கடித்துவிட்டேன்.